அண்ணா நகர் லேபில் பார்த்த அக்காவுக்கு நன்றி

ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றபோது என் மகனின் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தீர்களே, அக்கா, இது உங்களுக்குத்தான். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, காய்ச்சல் மட்டும் விடவே இல்லை. சிவந்த கண்ணையும் வெடித்த உதட்டையும் எல்லாரும் பார்த்தார்கள். தோளில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்ததை நீங்கள்தான் பார்த்தீர்கள். (ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிறவன், உங்களிடம் மட்டும் பேசாமல் கையைக் கொடுத்தான்!) "கவாசாகியா இருக்கலாம் தம்பி, நேரா எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போங்க, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கணும்" என்றீர்கள்.

1967-இல் ஜப்பானிய டாக்டர் கவாசாகி விவரித்த நோயாம். உறுதிப்படுத்தத் தனி டெஸ்ட் கிடையாது. அறிகுறிகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கவனிக்காமல் விட்டால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் வீங்கிவிடலாம். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றுவது நல்லது என்றார்கள். அதற்குள் ஏற்றியாகிவிட்டது.

எக்கோ நன்றாக இருக்கிறது, இப்போது ஆஸ்பிரின் மட்டும்தான். நீங்கள் சொன்னபடியே விரல் நுனியில் தோல் உரிகிறது. லேபில் விசாரித்தால் உங்களை யாருக்கும் தெரியவில்லை. ரொம்ப நன்றி, அக்கா.