74ஆ, 64ஆ?

அன்புள்ள மாலதி,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. சாக்குச் சொன்னால் நீ உடனே அந்தக் குடைக் கதையை எடுப்பாய், அதனால் சொல்லப் போவதில்லை. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான்.

இந்த வருஷம் எனக்கு ஏழாம் வகுப்பு பிரெஞ்சு. "உனக்கே 'ர' வராதேடி" என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போலச் செய்யுங்கள் என்றேன், பீரியட் முடியும்வரை கொப்பளித்தார்கள். அது பரவாயில்லை. எண்கள்தான் தலைவலி. 70 என்றால் அறுபதும் பத்தும். 80 என்றால் நாலு இருபது. 97 சொல்ல நாலு இருபது, பத்து, ஏழு! பெல்ஜியத்தில் 70க்கு செப்தான்த், 90க்கு நொனான்த் என்று நேராகவே சொல்வார்கள் என்றேன். "அப்போ பெல்ஜியம் பிரெஞ்சே படிக்கிறோம் மிஸ்" என்றான் கடைசி பெஞ்சு வக்கீல்.

அதனால் லோட்டோ ஆடினோம். சீட்டெடுத்து ஒருவர் எண்ணைக் கூப்பிட, மற்றவர்கள் தங்கள் அட்டையில் அதை அடித்துக்கொண்டே வர வேண்டும், முதலில் முடிப்பவர் "லோட்டோ!" என்று கத்தினால் ஜெயம். அட்டைகளில் 60 முதல் 99 வரை மட்டும். எண்ணை நான் கூப்பிடாமல் பிள்ளைகளையே கூப்பிட வைத்தேன். வருஷம் தொடங்கியதிலிருந்து வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து வந்தாள். ஜெயிக்கிற ஆசையில் வகுப்பே மூச்சுவிடாமல் கேட்டது. ஐந்து எண் சரியாகச் சொன்னாள். ஆறாவது 74. சுவாசான்த் கத்தோர்ஸ், அதாவது அறுபதும் பதினாலும், என்பதற்குப் பதிலாக சுவாசான்த் கத்ர், அதாவது 64, என்று சொல்லிவிட்டாள். ஒருத்தன் "லோட்டோ!" என்று குதித்தான். நான் யோசிக்கவே இல்லை. "தப்பு, 74" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். சீட்டைக் கீழே வைத்துவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் இரண்டு வாரம் பழைய மௌனம்.

மாலதி, நம்மை எழுப்பி நிற்கவைத்துத் திருத்துவாரே, அவர் குரல்தான் என் வாயிலிருந்து வந்தது. அன்றைக்கு இரவு தூக்கமில்லை.

இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். ஆட்டத்தின் நடுவே நான் பேசக்கூடாது. சந்தேகம் வந்தால் பிள்ளைகளே "பார்தோன்?" என்றோ, "ரெபெத், சில் தெ ப்ளே" என்றோ கேட்க வேண்டும். கேட்பதும் பிரெஞ்சில்தான். திரும்பச் சொல்லும்போது பாதித் தப்பு தானாகவே சரியாகிவிடுகிறது. மிச்சத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, யார் சொன்னது என்று சொல்லாமல், கடைசியில் பலகையில் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைத்தேன். ஒருவர் கையில் பூதத்தின் படம், பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர் பார்க்காமல் வரைய வேண்டும். பூதத்துக்குப் பச்சைத் தாடி. தாடியும் மீசையும் பிரெஞ்சில் பெண்பால் என்றதும் பையன்களிடையே கலவரம். அஃறிணை எல்லாவற்றையும் "அது" என்று முடித்துவிடும் பிள்ளைகள், பாவம்.

அந்தச் சத்தத்தின் நடுவே "நொன்! நொன்!" என்று ஒரு குரல். அவள்தான். மூன்று கண் வரையச் சொன்னால் அவள் ஜோடி மூன்று மூக்கு வரைந்து வைத்திருக்கிறான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாம் செய்த படஅட்டைப் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? அனுப்பிவை. ஒட்டகத்தை நாய் என்று நீ வரைந்ததும் இருக்கட்டும், பிள்ளைகள் சண்டை போட அதுதான் வேண்டும்.

அன்புடன்,
உன் கொப்பளிப்பு டீச்சர்