அந்தப் பச்சை விளக்கு எதைச் சொல்கிறது? கோப்புப் பகிர்வு மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் மென்பொருளின் அடியில் ஒரு சின்ன ஐகான் இருக்கிறது. பச்சை என்றால் எல்லாம் சரி, மஞ்சள் என்றால் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவல்) தடுக்கிறது, சிவப்பு என்றால் இணைப்பே இல்லை. டொரென்ட் (பயனர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) பயன்படுத்தும் நாங்கள் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். உள்ளே நடப்பது வேறு.

பல மென்பொருள்களில் அந்த நிறம் எந்தச் சோதனையின் முடிவும் இல்லை. வெளியிலிருந்து யாராவது நம் போர்ட்டுக்கு, அதாவது மென்பொருள் காத்திருக்கும் எண்ணிட்ட வாசலுக்கு, இணைப்பு கொடுத்தார்களா என்பதை மட்டும் அது பார்க்கிறது. வராதவரை மஞ்சள், ஒருவர் வந்துவிட்டால் பச்சை. பட்டியலில் இருப்பது யாரும் தேடாத பழைய கோப்பு என்றால், போர்ட் ஒழுங்காகத் திறந்திருந்தாலும் மஞ்சள்தான். வர ஆளில்லை, அவ்வளவுதான்.

இது புரியாமல் பயனர் படும் பாடு இருக்கிறதே! ரவுட்டருக்குள் போய், வெளியிலிருந்து வரும் இணைப்பை நம் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் விதியை அழித்து மறுபடி எழுதுகிறார். அப்புறம் போர்ட் எண்ணை மாற்றுகிறார். மாற்றியதும் அதுவரை வந்த இணைப்புகளின் கணக்கு அழிந்து, ஐகான் பழையபடி மஞ்சளில் போய் நிற்கிறது. கடைசியில் கணினியின் ஃபயர்வாலையே அணைத்துவிடுகிறார். பலர் பகிரும் லினக்ஸ் ஐஎஸ்ஓ (இயங்குதளத்தை நிறுவும் கோப்பு) ஒன்றைச் சேர்த்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். மஞ்சளில் இருந்தாலும் பதிவிறக்கம் பெரும்பாலும் நடக்கும், நாமே போய் மற்றவர்களோடு இணையலாம் என்பதையும் யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

பச்சை இதைவிட மோசம். காலையில் ஒரு பியர் (கோப்பைப் பகிரும் இன்னொரு பயனர்) வந்து போகிறார். மதியம் ரவுட்டர் அணைந்து எழும்போது யுபிஎன்பி (மென்பொருளே ரவுட்டரிடம் போர்ட்டைத் திறக்கக் கேட்கும் வசதி) ஏற்படுத்திய வழி மறைந்துவிடுகிறது. மாலையிலும் ஐகான் பச்சையாகவே இருக்கிறது! இணைய முகவரிகளில் பழைய வகை ஐபிவி4, புதிய வகை ஐபிவி6. ஐபிவி6 வழியாக ஒருவர் வந்தாலும் பச்சைதான். ஐபிவி4 பக்கம் அடைத்துக் கிடப்பது தெரியாது. தரவை அனுப்பும் முறைகளான டிசிபி, யுடிபி இரண்டில் ஒன்று மட்டும் திறந்திருந்தாலும் இதே கதை.

'யுபிஎன்பி வெற்றி' என்று மென்பொருளின் செயல்பாட்டுப் பதிவில் ஒரு வரி வேறு. வீட்டு ரவுட்டர் தன் வேலையைச் செய்தது என்பதோடு அது முடிந்தது. அதற்கு மேலே இணைய நிறுவனம் இன்னொரு நாட் (பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் அமைப்பு) வைத்திருந்தால் அந்த வெற்றியால் ஒன்றும் ஆகாது. இப்படிப் பலர் பங்கிடும் முகவரிகளுக்காகவே 2012இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒதுக்கப்பட்டது. ரவுட்டரின் வெளிமுகவரி என்ன என்று யுபிஎன்பி வழியாகவே கேட்கலாம். அது இந்த எல்லைக்குள் இருந்தால், 'ரவுட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை, இணைய நிறுவனத்தைக் கேளுங்கள்' என்று ஒரு வரி காட்ட உங்களுக்கு என்ன தடை?

ஐகானைத் தூக்கிவிடச் சொல்லவில்லை. (பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாதவர்களுக்கு அது இப்போதே வீண்தான்.) யாரும் வராத நிலைக்குச் சாம்பல் நிறம் போதும், காரணமில்லாமல் ஃபயர்வால்மேல் பழி போட வேண்டாம். சில மென்பொருள்களில் ஏற்கெனவே இருக்கும் 'போர்ட்டைச் சோதி' பொத்தானை அந்த ஐகானுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மவுஸை மேலே வைத்தால் 'இணைந்துள்ளது' என்பதற்குப் பதிலாக இப்படி வரட்டும்: 'ஐபிவி4, டிசிபி: கடைசியாக வெளியிலிருந்து இணைப்பு வந்தது 3 மணி நேரம் முன்பு. ஐபிவி6: இதுவரை இல்லை.'