ரேடியேட்டரில் காற்று அடைத்திருக்கிறதா என்று கண்டறிவது குறித்து

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வீட்டு மைய வெப்ப அமைப்பில் (பாய்லரில் சூடாகும் நீர் குழாய்கள் வழியே அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்குச் சென்று அறையைச் சூடாக்கும் அமைப்பு) சில அறைகள் மட்டும் சூடாகவில்லை என்று பலர் எழுதியிருப்பதால் இதைத் தெரிவிக்கிறேன்.

பாய்லரை இயக்கி அரைமணி நேரம் கழித்து, ரேடியேட்டரின் கீழிருந்து மேலாகக் கையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். காற்று நீரைவிட இலேசானது என்பதால் மேலே போய்த் தங்கிவிடும். ஆகவே அடிப்பகுதி சூடாகவும் மேல்விளிம்பு சில்லென்றும் இருந்தால், குழாயில் களகளவென்ற ஓசையும் கேட்டால், உள்ளே காற்று இருக்கிறது என்று கொள்ளலாம். மாறாக மேலே சூடும் கீழ் நடுப்பகுதியில் குளிர்ச்சியும் தெரிந்தால் அது பெரும்பாலும் துருச்சேறு. காற்றை வெளியேற்றுவதால் அது தீராது. இந்த வேறுபாட்டைத்தான் பலர் கவனிப்பதில்லை.

காற்றை நீக்குவதற்கு முன் அமைப்பை நிறுத்தி ஆறவிடுவது மிக முக்கியம், ஏனெனில் கொதிநீர் கையில் தெறிக்கக்கூடும். துணியைப் பிடித்துக்கொண்டு, ரேடியேட்டரின் மேல்மூலையிலுள்ள காற்று வெளியேற்றும் வால்வை அதற்குரிய சாவியால் இடப்புறமாகக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். 'உஸ்' என்ற ஓசை அடங்கி நீர் சீராகக் கசிந்ததும் மூடிவிடுங்கள். கீழ்த்தளத்திலிருந்து தொடங்குவது நல்லது.

பிறகு அழுத்தமானியைப் பாருங்கள். மூடிய அமைப்பாயின் (திறந்த நீர்த்தொட்டி இல்லாதது) ஆறிய நிலையில் அழுத்தம் பொதுவாக 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் நீர் நிரப்புங்கள்.

சில வாரங்களிலேயே மீண்டும் காற்று சேருமானால் அது கசிவாகவோ, உட்புற அரிப்பில் உண்டாகும் ஹைட்ரஜனாகவோ இருக்கலாம். அந்நிலையில் தகுதிபெற்ற பணியாளரை அழையுங்கள். பாய்லரின் உறையைத் தயவுசெய்து நீங்களே திறக்க வேண்டாம்.