வாசகர் பரிந்துரைக்கும் நூல்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூல் அறிமுகப் பகுதிகளில் புதிய வெளியீடுகளே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. நெடுநாள் மனத்தில் தங்கிய பழைய நூல்களைப் பற்றி வாசகர்கள் எழுதவும் வாரம் ஒருமுறை சிறிது இடம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

நான் முதலில் முன்மொழிவது உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற இந்நூலை, தமிழறிஞர்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் ஒதுக்கிவிடுவது பெரிய இழப்பு. மகனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக அலைந்த குடும்பத்தின் வறுமையும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அம்மாணவர் கொண்ட பேரன்பும், அக்காலத் தஞ்சைச் சீமையின் வாழ்க்கையும் இவ்வளவு தெளிந்த உரைநடையில் வேறெங்கும் நான் படித்ததில்லை.

கும்பகோணத்துக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று சாமிநாதையரிடம் வினவும் பகுதியை இளைஞர்கள் அவசியம் படிக்க வேண்டும். அதுவரை கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் அடுக்கிச் சொன்ன புலவர், அவ்வொரு கேள்வியால் திசைமாறி, 1887-இல் அக்காப்பியத்தையே அச்சேற்றினார். நூலின் பருமன் கண்டு தயங்குவோர் அந்த அத்தியாயத்திலிருந்தே தொடங்கலாம்.

தங்கள் வாசகர்,
மயிலாடுதுறை