இல்லத்தரசியின் ரிமோட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக் கட்டடங்களின் மின்செலவு பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை விவரத்துக்காக. இரண்டாம் முறை, சரியாகத்தான் படித்தேனா என்று பார்ப்பதற்காக. ‘மின்சிக்கனம் இல்லத்தரசியின் கையிலுள்ள ரிமோட்டிலிருந்து தொடங்குகிறது’ என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். குளிர்சாதனத்தின் ரிமோட்டைத்தான் சொல்கிறார். மிக்க நன்றி. அவர் வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ, நான் அறியேன்.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் கற்பித்தவள். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று வெப்பம் பரவும் மூன்று வழிகளையும் பலகையில் படம் போட்டு விளக்கி ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு அந்த மூன்றும் மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கே வந்து குடியேறின. மூன்றாவது மாடி, அதாவது மொட்டைமாடிக்கு நேர் கீழே. படுக்கையறைச் சுவர் மேற்குப் பக்கம். மே மாதத்தில் பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் இரவு பதினோரு மணிக்கும் தலைக்கு மேல் அனலாக இறக்கிக்கொண்டிருக்கும். குழாயைத் திறந்தால் மாலை ஆறு மணிக்கும் வெந்நீர்தான். மாடியில் இருப்பது கறுப்புத் தொட்டி.

என் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த 2016ஆம் ஆண்டில்தான் குளிர்சாதனம் வாங்கினோம். அன்று முதல் 26 டிகிரி, கூடவே மின்விசிறி. 2020 ஜனவரி முதல் புது இயந்திரங்கள் 24 டிகிரியிலேயே தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது நான் இரண்டு டிகிரி முன்னால் இருந்தேன். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பதும் எனக்குப் புதிய செய்தி அல்ல. ஆனாலும் எங்கள் வீட்டில் கம்ப்ரஸர் ஓய்வதே இல்லை. அதே அளவு ஃபிளாட், அதே இயந்திரம், முதல் மாடியில் இருக்கிறது. கோடையில் அவர்கள் கட்டும் தொகை எங்கள் பில்லில் பாதிக்குச் சற்று மேல். அந்த வீட்டம்மாள் என்னைவிடச் சிக்கனக்காரர் என்று எழுதிவிடாதீர்கள். அவர்களுக்கும் வெயிலுக்கும் நடுவில் நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான்.

திருவல்லிக்கேணியில் என் தாத்தா வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில், தட்டோடு எனப்படும் தட்டையான சுட்ட ஓட்டைப் பதிப்பார்கள். (அந்தப் பெண்களின் முதுகுவலியைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை.) பகல் இரண்டு மணிக்குக்கூட அந்தக் கூடத்தில் தரையில் படுத்துத் தூங்கலாம். எங்கள் ஃபிளாட்டை விற்ற புரமோட்டரும் ‘சுருக்கித் தளம் போட்டிருக்கிறோம் அம்மா’ என்றுதான் சொன்னார். கான்கிரீட்டின் மேல் அதே செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை என்று பொருள். கசிவுக்காகத் தட்டோட்டைப் பெயர்த்தபோது, அடியில் விரற்கடை சிமெண்ட் பூச்சைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கொத்தனார் கூப்பிட்டுக் காட்டினார். சன்னலுக்கு மேல் சன்ஷேடு ஒரு சாண்தான், பெயருக்கு இருக்கிறது. இவற்றையெல்லாம் எந்த ரிமோட்டால் சரிசெய்வது?

வெயிலைத் திருப்பியனுப்ப மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கலாம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மூன்று முறை கேட்டுவிட்டேன். ‘பயன் உங்களுக்குத்தானே, நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். வடாம் காயவைக்க மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. வெள்ளையடிக்க மட்டும் என் சொந்தம்.

இருமாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணமும் பறிபோகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. படிக்கட்டு விளக்குக்கும் மோட்டாருக்கும் 2022இல் யூனிட் 8 ரூபாய் என்றார்கள். அடுத்த ஆண்டு, பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு ஐந்தரை ரூபாயாகக் குறைத்தார்கள். எங்களுக்கு லிஃப்ட் இல்லை. முழங்கால் வலிதான் இருக்கிறது. ஆனால் வீடுகள் பன்னிரண்டு. ஆக, சலுகை இல்லை.

குடியிருப்புகளின் சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்பதற்கு வரம்பு வைத்து, 2018 டிசம்பரிலேயே ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை மத்திய அரசு வெளியிட்டது. பெயரைக் கேட்டால் ஏதோ யாகத்துக்கு அழைப்பு போலிருக்கும். சங்கதி நல்ல சங்கதி. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே, அதாவது வெயிலைத் திருப்பியனுப்பும் கூரைக்கென்றே, ஒரு கொள்கை அறிவித்தது. முழுப்பக்கக் கட்டுரையில் இரண்டுக்கும் ஒரு வரி இல்லை. 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டவைத்த ஊர் இது. அன்று யாரும் இல்லத்தரசியின் குடத்திலிருந்து தொடங்கவில்லை. ஆகஸ்ட் 31க்குள் கட்டு என்று வீட்டு உரிமையாளரிடம்தான் கெடு வைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதிய வேலையாக வங்கிக்குப் போகும்போதெல்லாம் சால்வை எடுத்துப் போகிறேன். உங்கள் சனிக்கிழமை வீட்டுமனை இணைப்பைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள், மேற்கு வெயிலைப் பார்த்தபடி. சனிக்கிழமை கண்ணாடி, ஞாயிற்றுக்கிழமை ரிமோட்.

அந்த இணைப்பின் கேள்வி–பதில் பகுதிக்கு மார்ச்சில் ஒன்றும் ஜூனில் ஒன்றும் கடிதம் எழுதியிருந்தேன். பழைய தட்டோட்டின் மேலேயே வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்கலாமா, தட்டோட்டை எடுத்துவிட்டுத்தான் பதிக்க வேண்டுமா, கூடுதல் பாரத்தைத் தளம் தாங்குமா என்பதுதான் கேள்வி. பதில் வரவில்லை. அடுப்பு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவருக்கு அரைப் பக்கம் கிடைத்தது. அச்சிட இடமில்லையென்றால், இரண்டு கடிதங்களுடனும் தபால்தலை ஒட்டிய உறை வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றிலாவது பொறியாளரின் பதிலைப் போட்டு அனுப்பிவையுங்கள். மாசி முடிவதற்குள் கிடைத்தால் கொத்தனாரிடம் சொல்லிவைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் 40 ஆண்டு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை