லோரிக்குப் பெட்டி பூட்டும் முன்

பிறை, பினாங்கு

அன்பு நண்பா,

உன் வாட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்டேன். மகளுக்கு இங்கே பினாங்கில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் எங்களுக்கும் கொள்ளை சந்தோஷம். அவளைக் கொண்டுவந்து விடும்போது எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், ஹோட்டல் கீட்டல் என்று பேச்செடுக்காதே. வீட்டுக்காரி இப்போதே மீன் கறிக்குத் திட்டம் போட்டுவிட்டாள். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

இனி லோரி விஷயம். லோரிகளுக்கு ஜி.பி.எஸ். பெட்டி பூட்டலாமா என்று கேட்டிருந்தாய். ஜி.பி.எஸ். விற்க வந்தவன் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டி உன்னை மயக்கிவிட்டான் போல. லோரி எங்கே நிற்கிறது என்று பார்க்க மட்டும்தான் என்றால் வாங்காதே. டிரைவருக்கு ஒரு போன் போட்டால் அது தெரிந்துவிடும். எங்கள் யார்டில் அந்தப் பெட்டி போட்ட காசைத் திருப்பித் தந்தது வரைபடத்தால் அல்ல, என்ஜின் ஓடிய மணிக்கணக்கால்.

நாம் எல்லோரும் கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றிப் பழகியவர்கள். துறைமுக வேலைக்கு அது ஒத்துவராது, என்ஜின் ஓடிய மணியைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்கும் பிறை தொழிற்பேட்டைக்கும் நடுவே டிரெய்லரை இழுத்து ஓடும் பிரைம்மூவர் ஒரு நாளில் அப்படி என்ன தூரம் ஓடிவிடப் போகிறது? துறைமுகக் கேட்டில் வரிசை பிடித்து நிற்கும் நேரம்தான் அதிகம். இந்த வெயிலில் ஏர்கோன் இல்லாமல் யார் உட்காருவார்? என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் கெட்டுப்போகும். கிள்ளான் துறைமுகத்திலும் இதே கதைதான் என்பது உனக்குத் தெரியாததா?

நின்ற இடத்தில் ஓடும் கனரக என்ஜின் மணிக்கு 2, 3 லிட்டர் டீசல் குடிக்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே தாவலில் 3.35க்குப் போனபோது, சரக்கு லோரிகளுக்கு மானிய அட்டையில் பழைய விலை கிடைத்தது. ஆனால் அட்டைக்கு லிட்டர் வரம்பு உண்டே! கேட்டில் நின்றே பாதியைத் தீர்த்துவிட்டால் மாதக் கடைசியில் முழு விலை கொடுக்க வேண்டியதுதான்.

அதனால் அந்த ஆளிடம் ஒன்றே ஒன்று கேள்: பெட்டி என்ஜினிடமிருந்தே கணக்கை எடுக்கிறதா, அல்லது சாவி போட்ட நேரத்தை எண்ணுகிறதா? உன்னிடம் இருப்பது ஜப்பானில் ஓடி, புதுப்பித்து வந்த பழைய ரீகண்டிஷன் லோரிகள். அவற்றில் பெரும்பாலும் இரண்டாவதுதான். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு ரேடியோ கேட்டாலும் மணி ஏறும். அது தெரிந்து வாங்கினால் பரவாயில்லை.

அப்புறம் பெட்டி ஆபிஸுக்கு அடிக்கும் எச்சரிக்கை மணி. திடீர் பிரேக், வேகம், வளைவு என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டால் முதல் மாதம் எல்லோரும் பார்ப்பார்கள், அடுத்த மாதம் ஆபிஸ் பெண் சத்தத்தை அணைத்துவிடுவாள். நாங்கள் என்ஜின் சூடு, பேட்டரி, நின்றபடி ஓடும் நேரம் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பெட்டிக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. எங்களிடம் ஒரு மூத்த டிரைவர் இருக்கிறார். தெற்கே போகும்போது ஈப்போவுக்கு முன் நெடுஞ்சாலையில் வரும் மெனோரா சுரங்கப்பாதை இறக்கம் முடிந்ததும் முதல் ஓய்விடத்தில் நிறுத்தி, டிரெய்லரை ஒரு சுற்று சுற்றுவார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைத் தொடாமல் கிட்டே கொண்டுபோவார். மற்றவை எல்லாம் ஒரே மாதிரி சுட, ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லை பேரிங் போகிறது. ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது இன்னும் மோசம், அங்கே பிரேக்கே பிடிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் பாஸ் ஆன வண்டியாகவே இருக்கட்டும், நடுவில் இருக்கும் நாட்களை யார் பார்ப்பது? காலையில் பிரேக்குக்கான காற்றுத் தொட்டியில் தேங்கிய நீரைத் திறந்துவிடாத டிரைவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

டீசல் ஃபில்டரையும் சொல்லிவிடுகிறேன். 2019இலிருந்து நம் டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல். அது ஈரத்தை இழுக்கும், பழைய டாங்கியின் அடியில் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடும். நாள்கணக்கில் நிற்கும் லோரியில்தான் இந்தத் தொல்லை அதிகம். டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்.

2025 மே மாதம் தெலுக் இந்தானில் லோரி மோதி கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் 9 பேர் இறந்த பிறகு பிடி இறுகிவிட்டது. அக்டோபரிலிருந்து வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கினார்கள். செலவு என்று முணுமுணுக்கும் முதலாளிகள் இங்கேயும் உண்டு. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேகத்தைக் கட்டிவிட்டு, அதே ஆளை அதே நேரத்துக்குள் போய்ச் சேரச் சொன்னால் அவன் தூக்கத்தைத்தான் குறைப்பான். உன் டிரிப் அட்டவணையை ஒருதரம் திருப்பிப் பார்.

உன் லோரிகள் எந்த ஆண்டு மாடல், கடைசியாக எப்போது ஆயில் மாற்றினாய் என்று எழுதி அனுப்பு. ஹரிராயா நோன்புப் பெருநாளுக்குக் கனரக வண்டிகளுக்குத் தடை போடும் நாட்களில் உன் வண்டிகள் எப்படியும் ஓடாது. அப்போது எங்கள் ஃபோர்மனையும் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வருகிறேன். அதுவரை அந்த ஆளிடம் முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்