இணையம் நின்றுபோனால் என்ன செய்வது என்பது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். கணினிப் பராமரிப்புக்காக உங்கள் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வரும் எங்கள் பணியாளர்கள், "ஒரு நாள் முழுவதும் இணையம் வராவிட்டால் இங்கே எவையெல்லாம் நின்றுபோகும்?" என்று அண்மைக் காலமாகக் கேட்டு வருகிறார்கள். இன்னோர் இணைப்பை விற்பதற்கான முன்னுரையோ என்று உங்களில் சிலர் ஐயப்பட்டிருக்கிறீர்கள். அது அப்படியன்று என்பதை விளக்கவே இம்மடல்.

எங்களுக்கு நேர்ந்ததிலிருந்தே தொடங்குகிறோம். வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை இணையத்திலுள்ள பதிவேட்டில் மட்டுமே வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் இணைப்பு அறுந்தபோது, எங்களுக்காகக் காத்திருந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து, நாங்கள் வரத் தாமதமாகும் என்று சொல்லக்கூட எங்களிடம் எண் இல்லை. கைப்பேசியில் அழைப்பு வசதி இருந்தும் அன்று மாலை வரை பலரைக் காக்க வைத்துவிட்டோம். அதற்காக இன்றும் வருந்துகிறோம்.

இணையம் போனால் மின்னஞ்சலும் காணொளியும் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுத் தொலைபேசியும் அதனோடு சேர்ந்து போகக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி வழியாகவே வந்ததால், வீட்டில் விளக்கு அணைந்தாலும் மணி ஒலித்தது. கண்ணாடி இழை இணைப்பில் இயங்கும் தொலைபேசியோ வீட்டுக்குள் இணைய இணைப்பைப் பகிர்ந்து தரும் கருவியான ரௌட்டரை நம்பியிருக்கிறது. இணைப்போ மின்சாரமோ நின்றால் அதுவும் நின்றுவிடும். முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் ரௌட்டருக்குச் சிறு மின்கலச் சேமிப்பி ஒன்றை வைக்கச் சொல்வதும், கைப்பேசியை எப்போதும் மின்னேற்றி வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

தடங்கல் எப்போதும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதில்லை. 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்பின்போது நேர்ந்த ஒரு தவறால் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. 2022 ஜனவரியில் எரிமலை வெடிப்பால் டோங்கா நாட்டை உலகோடு இணைத்த ஒரே கடலடிக் கம்பிவடம் அறுந்தது. அதைச் சீராக்க ஐந்து வாரங்களுக்கு மேலாயிற்று.

இணையத்தை விலக்கி வாழுங்கள் என்று நாங்கள் கூறவில்லை. இணையம் இல்லாமலும் இயங்கக்கூடியவை பல உங்கள் கையிலேயே இருக்கின்றன என்பதைத்தான் நினைவூட்டுகிறோம். கைப்பேசியின் ஜிபிஎஸ், இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் குறிப்புகளைக் கொண்டே கணிக்கிறது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் வழி தெரியும். இணையக் கணக்கில் நுழைபவர் நீங்கள்தான் என்பதை உறுதிசெய்யச் சரிபார்ப்புச் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணும், செயலியில் பதிந்துள்ள மறைகுறியையும் அப்போதைய நேரத்தையும் வைத்துக் கைப்பேசியிலேயே கணக்கிடப்படுவது. ஆனால் கைப்பேசி தொலைந்தால் அதுவும் உதவாது; ஆகவே அச்செயலி இல்லாமலும் கணக்கில் நுழைய உதவும் மீட்பு எண்களைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள்.

அடுத்த வருகையின்போது முக்கியத் தொலைபேசி எண்கள், இன்றியமையாத கோப்புகளின் பட்டியல், ரௌட்டரை மீளத் தொடங்கும் முறை ஆகியவை அடங்கிய ஒரு பக்கத் தாளை உங்களுடன் அமர்ந்து எழுதித் தருவோம். இதற்குக் கட்டணம் இல்லை. கடவுச்சொற்களை மட்டும் எங்கள் பணியாளரிடம் சொல்ல வேண்டாம். தாளில் அவற்றுக்கான இடத்தை நீங்களே பின்னர் நிரப்பிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் கணினிப் பராமரிப்பு நிலையத்தார்